தேன் லேபிளுக்கு கண்ணசைவு டெஸ்ட்: குடுக்க காசுக்கு கொள்ளாமா?

எங்களுக்கு மார்த்தாண்டத்துல தேன் யாவாரம், வாங்க வாறவங்கள்ல பாதி பேரு களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் உள்ளவங்க, அதனால லேபிள்ல தமிழும் வேணும் மலையாளமும் வேணும், எது மேல எது கீழன்னு வீட்டுல ஒரே சண்ட. அதுக்கு தான் இந்த வெப்கேம் ஐ டிராக்கிங் சர்வீஸ எடுத்தோம், அதாவது கண்ணு ஸ்கிரீன்ல எங்க பாக்குதுன்னு லேப்டாப் கேமராவ வச்சே கண்டுபிடிக்குதது, கம்பெனி பேரு வேண்டாம். லிங்க் அனுப்புவாங்க, லேப்டாப் முன்னாடி தலைய ஆட்டாம இருந்து ஸ்கிரீன்ல வாற புள்ளிய கண்ணால பாக்கணும், பெறகு ரெண்டு லேபிளயும் காட்டும்.

எது கண்ணுல படுது எது படலன்னு தெரிஞ்சுக்க கொள்ளாம். தேனீ படத்துக்கு அடில கெடந்த மலையாள எழுத்த ஒருத்தரும் பாக்கல. நமக்கு கூர்மையா தெரியது பார்வைக்கு நடுவுல ரெண்டு டிகிரி தான், கைய நீட்டி பெருவிரல் நகத்த பாத்தா ஏறக்குறைய அவ்வளவு, அதனால கண்ணு நேரா அங்க போகலன்னா சின்ன எழுத்த படிக்க முடியாது.

ஆனா "கஸ்டமருக்கு எது பிடிக்கும்னு சொல்லும்"னு விளம்பரம் பண்ணுதாங்க பாருங்க, அங்க தான் இடிக்குது. ஹீட்மேப்ல, அதாவது ரொம்ப நேரம் பாத்த எடத்த செவப்பா காட்டுத படத்துல, செக்கச்செவேல்னு இருந்த லேபிள காட்டி கேட்டா, "என்னத்த எழுதியிருக்குன்னு பிடிகிட்டல, அதான் பாத்துட்டே இருந்தேன்"னு சொல்லுதாங்க. கேக்க கேள்விய மாத்துனா பார்வையும் மாறும், கண்ணசைவ ஆராய்ச்சி பண்ணுன ரஷ்யாக்காரரு யார்பஸ் ஒரே ஓவியத்த வச்சு இத காட்டியிருக்காரு, அவரு புக்கு இங்கிலீஷ்ல வந்ததே 1967ல. இந்த சர்வீஸ்ல "சும்மா பாருங்க"ன்னு மட்டும் தான் போடுது, எத வாங்குவீங்கன்னு கேக்க வழியே இல்ல. 2003ல அமெரிக்காவுல உள்ள கால்டெக் யுனிவர்சிட்டில ஷிமோஜோங்குத ஆராய்ச்சியாளரோட டீம் ரெண்டு முகத்த காட்டி ஒண்ண தேர்ந்தெடுக்க சொன்னப்போ, முடிவு சொல்லதுக்கு முந்தின கடைசி ஒரு செகண்டுல தான் பார்வை எடுக்கப்போற பக்கமா சாஞ்சுட்டே போச்சு. அப்போ நமக்கு வேண்டியது அந்த கடைசி செகண்டு, மொத்த நேரத்த கூட்டிப்போட்ட படம் இல்ல. அந்த டேட்டா வேணும்னா பெரிய பிளானுக்கு மாறணுமாம்!

இன்ஃப்ராரெட் மெஷின்னா கண்ணுல லைட் அடிச்சு அந்த மினுக்கத்த வச்சு கணக்கு போடும், வெப்கேம்ல அது கெடையாது, மூக்குக்கண்ணாடி போட்ட ஆளு உக்காந்தா புள்ளி எங்கெங்கயோ ஓடுது. ஆன்லைன்ல விக்கவங்க லேபிள் டிசைனுக்கு எடுக்கலாம், எங்கள மாதிரி கவுண்டர்ல யாவாரம் பண்ணுதவங்க ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல வச்சு எத எடுக்காங்கன்னு பாத்தா போதும். 5க்கு 3, டேட்டாக்கு தனி காசு கேட்டதால ஒண்ணு கொறச்சாச்சு.