குளிர்விப்பு சிசிடி கேமரா: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கேஏஎஃப்-8300 சென்சார் கொண்ட கறுப்பு வெள்ளை சிசிடி (ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்க்கும் பழைய வகைச் சென்சார்) கேமரா ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தொலைநோக்கியில் மாட்டிப் படமெடுத்து வருகிறேன். இத்தகைய கேமராவை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை டிகிரி வரை குளிரும் என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. வைத்த வெப்பநிலையில் இரவு முழுவதும் அசையாமல் நிற்குமா என்பதே முதல் கேள்வி.

ஒளி படாவிட்டாலும் வெப்பத்தாலேயே சென்சாரில் எலெக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டிருக்கும். இந்த இருள் மின்னோட்டம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும்போதெல்லாம் பாதியாகிறது. 30 டிகிரி குளிர்வித்தால் 32இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த மிச்சத்தையும், ஒளி படாமல் மூடி அதே அளவு நேரம் எடுக்கும் டார்க் ஃப்ரேமைக் கொண்டு கழித்துவிடலாம். ஆனால் படமும் டார்க்கும் ஒரே வெப்பநிலையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். சென்சாரைக் குளிர்விக்கும் பெல்டியர் சாதனம் முழுத் திறனில் திணறி -25ஐத் தொடுவதைவிட, 80 சதவீதத் திறனில் -15இல் நிலையாக நிற்பது மேல். மேகம் மூடிய இரவுகளில் எடுத்துவைத்த டார்க் தொகுப்பே பிறகு மாதக்கணக்கில் கைகொடுக்கிறது.

அதிகத் தொல்லை தந்தது ஈரம். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டால், குளிர்ந்த சென்சாரின் மேல் உறைபனி படியத் தொடங்கும். முதலில் ஃப்ளாட் படத்தின் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்) நடுவில் அடையாளம் சொல்ல முடியாத ஒரு மங்கல். தூசியாக இருக்கும் என்று கடந்து போகத் தோன்றும். அடுத்த படங்களில் அது பறவை இறகைப் போலக் கிளைவிட்டுப் பரவும். தூசியின் நிழல் அப்படி வளராது. அப்போது வேலையை நிறுத்திவிட்டு, ஜெல்லை வெளியே எடுத்துச் சூடேற்றி உலர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஷட்டர் இயந்திர வகை. ஒரு விநாடிக்கும் குறைவான ஃப்ளாட்களில் அதன் நிழல் விழும். சில விநாடிகள் திறந்திருக்கும்படி விளக்கின் ஒளியைக் குறைத்துக்கொள்கிறேன்.

சிமாஸ் என்ற புதிய வகைச் சென்சார்கள் வந்த பிறகும் இதை ஏன் வைத்திருக்கிறேன்? பாதி பழக்கம்தான். ஒவ்வொரு முறை படத்தை வாசிக்கும்போதும் சேரும் வாசிப்பு இரைச்சல் 8 எலெக்ட்ரான் அளவில் இருப்பதால், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டருடன் ஒவ்வொரு படத்துக்கும் 15, 20 நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. காற்று ஒருமுறை தொலைநோக்கியை உலுக்கினால் அத்தனை நிமிடமும் வீண். இன்றைய சிமாஸ் கேமராக்களில் அதே வேலையை 5 நிமிடத் துண்டுகளாக முடித்துவிடலாம். ஆனால் நான்கு பிக்சல்களைச் சென்சாருக்குள்ளேயே சேர்த்து ஒருமுறை மட்டும் வாசிக்கும் வசதியைச் சிசிடி போல அவை தருவதில்லை. மங்கலான நெபுலாக்களுக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சோனி 2015இல் சிசிடி தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இனி கைமாறும் கேமராக்களே அதிகம். பழையதை வாங்குபவர்கள் விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: 10 நிமிட டார்க் ஒன்று, ஒரு மணி நேரம் குளிர்வித்த பிறகு எடுத்த ஃப்ளாட் ஒன்று. இரண்டாவதைத் தரத் தயங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.