1,900 ரூபாய்க்கு ஒரு டெத் நோட் கொப்பி, அதில் எழுதினால் சைத்தாமா சாவானா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதுவதற்குக் கொப்பி வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல சி.ஆர். கொப்பிகளே வாங்கிவிடலாம். ஆனால் நான்கு பேர் ஒரு முழுப் பின்னேரமும் ஐஸ்கிறீம் உருகுவதுகூடத் தெரியாமல் சண்டை பிடிக்க ஒரு பொருள் வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் இதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது.

அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. டெத் நோட் என்பது 2003 இல் ட்சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாதா வரைய, ஜப்பானில் தொடங்கி 2006 இல் முடிந்த மங்கா, அதாவது படக்கதை. அதே ஆண்டுக் கடைசியில் மாட்ஹவுஸ் நிறுவனம் அதை அனிமே ஆக்கத் தொடங்கியது, மொத்தம் 37 பாகம். ரியூக் என்கிற மரணதேவன் ஒருவன் பொழுது போகாமல் பூமியில் போட்டுவிட்ட கறுப்புக் கொப்பி, லைட் யாகமி என்கிற கெட்டிக்காரப் பள்ளிக்கூடப் பெடியன் கையில் கிடைக்கிறது. அதில் யாருடைய பெயரை எழுதினாலும் அந்த ஆள் சாவான். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் சித்திரகுப்தனின் ஏடு கைமாறிய கதை.

நான் வாங்கியது அந்தக் கொப்பியின் போலி. கஸ்தூரியார் வீதிப் பக்கம், நகைக்கடைகளுக்கு மேலே, ஒடுங்கிய படியேறிப் போனால் ஒரு சின்ன அறை, அதுதான் கடை. பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன், நிற்கிற பெடியனின் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. அனிமே சட்டைகள், சாவிக்கொத்துகள், சுவரில் ஒட்டும் படங்கள் எல்லாம் கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு காற்றாடிதான், அதுவும் காசுப் பெட்டிப் பக்கம் திரும்பியிருக்கும். 2,200 சொன்னதை 1,900க்கு இறக்கினேன், "கொழும்பிலை இது மூவாயிரம் போகுது அண்ணை" என்றான். இருக்கலாம்.

மட்டை உண்மையிலேயே நல்லம். செயற்கைத் தோல், கனமானது, கையில் எடுத்தால் ஒரு பொருள் வாங்கிய உணர்வு வருகிறது. ஆனால் மேலே உள்ள வெள்ளை எழுத்து எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் செய்ததல்ல, இரண்டாம் நாளே பெருவிரல் படுகிற இடத்தில் உரியத் தொடங்கிவிட்டது. தாள் படு மோசம். ஜெல் பேனையால் எழுதினால் பின்பக்கம் ஊறி, அடுத்த தாளிலும் புள்ளி விழுகிறது, ஒருவரை எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து போவார். கூடவே ஒரு இறகுப் பேனை தந்தார்கள். மூன்று வரி எழுதினேன், நின்றுவிட்டது. ஆள் சாக வேண்டிய இடத்தில் பேனை செத்துப்போனது. திருப்பிக் கொண்டுபோனால், "பேனைக்குக் கரன்ரி இல்லை அண்ணை, அது கொப்பியோடை சும்மா வாறது" என்கிறான். சும்மா வருவது என்றாலும் எழுத வேண்டாமா?

காசு பெறுமதியானது முதல் சில தாள்கள்தான். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தில் கொப்பியின் விதிகள் முழுக்க இருக்கின்றன. எழுதும்போது அந்த ஆளின் முகம் மனதில் இருக்க வேண்டும், அப்போதுதான் அதே பெயருள்ள வேறு யாரும் சாகமாட்டார்கள். பெயரை எழுதி 40 செக்கனுக்குள் காரணம் எழுதினால் அப்படியே நடக்கும், எழுதாவிட்டால் மாரடைப்பு. காரணம் எழுதிய பிறகு விபரங்கள் எழுத இன்னும் 6 நிமிடம் 40 செக்கன். பிறந்து 780 நாள் ஆகாத குழந்தையை ஒன்றும் செய்யாது, 124 வயதை எட்டிய கிழவரையும் செய்யாது. இப்படி ஏதோ காணிச் சட்டம் மாதிரிப் போகும். எனக்கு வந்த கொப்பியில் 40 செக்கன் என்பது 4 செக்கன் என்று அச்சாகியிருக்கிறது, பூச்சியம் விழுந்துவிட்டது. அந்த ஒரு பூச்சியத்துக்காகவும் அன்று சண்டை நடந்தது.

சண்டை நடந்த இடம் நல்லூர்ப் பக்கம் ஒரு கூல்பார். நான், சித்தியின் மகன், அவனோடு ஏ.எல். படிக்கிற இரண்டு பெடியள். ரியூசன் முடிந்து வந்தவர்கள், புத்தகப் பைகூடக் கழற்றவில்லை. கொப்பியை மேசையில் வைத்தவுடனே ஒருவன் கேட்டான்: "இதிலை சைத்தாமா பேரை எழுதினால்?"

சைத்தாமா வன் பஞ்ச் மான் கதையின் நாயகன். ஓன் என்ற புனைபெயரில் ஒருவர் 2009 இல் இணையத்தில் வரையத் தொடங்கியது, 2012 இலிருந்து யூசுகே முராதா அழகாகத் திரும்ப வரைகிறார். 2015 இல் வந்த முதல் பருவ அனிமேயும் மாட்ஹவுஸ்தான் எடுத்தது, ஆக இது ஒரே வீட்டுப் பிள்ளைகளின் சண்டை. (இரண்டாம் பருவம் வேறு நிறுவனத்துக்குப் போனதைப் பற்றி இங்கே தொடங்கினால் கொப்பி விமர்சனம் முடியாது.) எந்த எதிரியையும் ஒரே குத்தில் முடிப்பவன், மொட்டைத் தலை, கடையில் மலிவு விற்பனை நாளைத் தவறவிட்டால்தான் கவலைப்படுவான். பலம் எங்கிருந்து வந்தது என்றால், மூன்று வருடம், தினமும் 100 தண்டால், வயிற்றுக்கு 100, தோப்புக்கரணம் போல 100, பிறகு 10 கிலோமீற்றர் ஓட்டம். அவ்வளவுதான். போரோஸ் என்கிற வேற்றுக்கிரகத்தான் உதைத்துச் சந்திரனில் விழுத்தினான், சைத்தாமா மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பாய்ச்சலில் பூமிக்குத் திரும்பி வந்தான்.

சைத்தாமா கட்சிக்காரப் பெடியனின் வாதம் இது: "அண்ணை, இருதயமும் ஒரு தசைதானே. அந்தளவு ஓடினவன்ரை இருதயத்துக்கு அட்டாக் வந்தால் அட்டாக்தான் சாகும்." நல்ல வசனம், ஒப்புக்கொள்கிறேன், மேசையைத் தட்டினோம். சித்தியின் மகன் விடவில்லை: "தன்ரை தலைமயிரையே காப்பாத்தத் தெரியாதவன் இருதயத்தைக் காப்பாத்துவானோ?" பக்கத்து மேசையில் மொட்டைத் தலையோடு றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்தார், நாங்கள் குரலைக் குறைத்தோம். ஆனால் பகிடியை விட்டுப் பார்த்தால் அது சரியான கேள்வி. உலகத்தில் எவனாலும் அவன் உடம்பில் ஒரு கீறல் போட முடியவில்லை, அப்படியிருந்தும் முடி கொட்டியது. வெளியிலிருந்து வருகிற அடியைத் தாங்கும் உடம்பு வேறு, உள்ளே தானாக நடப்பது வேறு.

மூன்றாவது பெடியன் வேறு வழி பார்த்தான், மாரடைப்பு வேண்டாம், சுறா தின்று செத்தான் என்று எழுதுவோம் என்றான். அது சரிவராது. லைட் ஏற்கனவே சோதித்துப் பார்த்த விடயம்: ஜப்பானில் சிறையில் இருக்கிறவன் ஒரு மணித்தியாலத்தில் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் சாக வேண்டும் என்று எழுதினான், நடக்க முடியாத காரியம், அதனால் அவன் இருந்த இடத்திலேயே மாரடைப்பில் போனான். சுறாவால் சைத்தாமாவைத் தின்ன முடியாது, ஆகவே சுற்றிச் சுற்றி மாரடைப்புக்குத்தான் வருவீர்கள்.

என் கட்சி என்னவென்றால், பலத்தைப் பற்றிய பேச்சே இங்கே தேவையில்லை. இரணியனை எடுங்கள். பகலில் இல்லை, இரவில் இல்லை, உள்ளே இல்லை, வெளியே இல்லை என்று வரம் வாங்கியவன். வரம் என்பது எழுத்து. எழுத்தில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைக்குள்ளால்தான் நரசிங்கம் அந்திப்பொழுதில் வாசற்படியில் வந்தது. ஆனால் அதே எழுத்து இருந்ததால்தான் அதுவரை இரணியனை யாரும் தொட முடியவில்லை, இந்தக் கொப்பி அவனிடம் போயிருந்தால் அவன் வரத்தைக் காட்டி வழக்காடியிருப்பான். சைத்தாமாவிடம் என்ன இருக்கிறது? தண்டால் கணக்கு. அவன் சாகமாட்டான் என்று ஒரு தெய்வமும் வாக்குக் கொடுக்கவில்லை. கொப்பியின் முதல் விதி, இதில் பெயர் எழுதப்படும் மனிதன் சாவான் என்பது. பலசாலி மனிதன் தவிர என்று எங்கும் இல்லை. அவன் மனிதன்தான், கதை முழுக்க அதைத்தான் சொல்கிறது, அதுதான் அவனுடைய பெருமையும்.

"அப்ப மார்க்கண்டேயர்?" என்றான் சைத்தாமா கட்சிக்காரன், படிக்கிற பிள்ளை. எமனைக் காலால் உதைக்க அங்கே சிவபெருமான் வந்தார். இங்கே யார் வருவார்? சைத்தாமாவே ரியூக்குக்கு ஒரு குத்து விடுவான் என்றால், கொப்பியைத் தொடாதவனுக்கு ரியூக் கண்ணுக்கே தெரியமாட்டான். 40 செக்கன். எங்கள் கொப்பியின்படி 4. அவனுக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிவதற்குள் கதை முடிந்துவிடும், கையில் சாமான் பையோடு.

இவ்வளவும் சொல்லி வென்றுவிட்டேன் என்று நினைத்து ஐஸ்கிறீமைப் பார்த்தால் ஜெல்லி மட்டும் மிதக்கிறது. கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் இதே கதையைத் திரும்ப எடுத்தோம். அம்மம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்: "ஆரடா அந்தப் பெடியன்? எந்த இடம்? தேப்பன்ரை பேர் என்ன?"

தெரியாது என்றோம்.

"தேப்பன்ரை பேர் தெரியாமல் ஆளை என்னண்டடா கொல்லுவியள்?"

முடிந்தது. உண்மையிலேயே அதுதான் ஓட்டை. கதையில் அவனுக்கு சைத்தாமா என்று ஒரு பெயர் மட்டும்தான் தருகிறார்கள், அது குடும்பப் பெயரா சொந்தப் பெயரா என்று பிரித்துச் சொல்வதில்லை. டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மாகாணத்தின் பெயரும் அதுதான், பருத்தித்துறை என்று ஒருவனுக்குப் பெயர் வைத்த மாதிரி. கொப்பிக்கு முழுப்பெயர் வேண்டும். டெத் நோட்டிலேயே மிசோரா நவோமி போலிப் பெயர் சொன்னபோது லைட் எழுதியும் அவள் சாகவில்லை, அவனை நம்பி உண்மைப் பெயரைக் காட்டிய பிறகுதான் போனாள். எல் என்கிற துப்பறிவாளன் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்தே லைட்டை அவ்வளவு காலம் அலைக்கழித்தான். பெயரைக் கண்ணால் பார்க்க ஷினிகாமிக் கண், அதாவது மரணதேவனின் கண், வேண்டும், அதற்கு விலை மிச்ச ஆயுளில் பாதி. அம்மம்மா கோயில் வீதியில் யாரையும் இரண்டு நிமிடம் பார்த்தால் பூட்டன்வரை சொல்லிவிடுவார், இலவசமாக.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கொப்பி யாழ்ப்பாணத்தில் வேலை செய்யவே செய்யாது. பக்கத்து வீட்டு ராசன் அண்ணையின் பதிவுப்பேர் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மரண அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் வீட்டுப்பேர் போட்டால்தான் செத்தது யாரென்றே ஊருக்கு விளங்கும். இன்னொரு விதியும் இருக்கிறது: தெரியாமல் ஒருவரின் பெயரை நான்கு முறை பிழையாக எழுதினால் அதன் பிறகு அவரைக் கொப்பியால் கொல்ல முடியாது. (வேண்டுமென்றே நான்கு முறை பிழையாக எழுதினால் எழுதியவர் சாவார்.) பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே மாறி. நான் என்றைக்கோ அமரன் ஆகிவிட்டேன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். மட்டைக்கு ஒன்று, விதித் தாள்களுக்கு இரண்டு, பேனைக்கு ஒன்றுமில்லை. வாங்குகிறவர்கள் பேனையைக் கடையிலேயே நான்கு வரி எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மூன்று வரி போதாது.

கொப்பி இப்போது என்னிடம் இல்லை. மட்டை உறுதியாக இருக்கிறது என்று அம்மா சீட்டுக் கணக்குக்கு எடுத்துவிட்டார். நேற்று விரித்துப் பார்த்தேன், பதினைந்து பெயர், நேராக, குமிழ்முனைப் பேனையால், காசு கட்டாத இரண்டு பேருக்குக் கீழே சிவப்புக் கோடு. பேபி அக்கா, சின்னக்கிளி, கடைக்கார மணியத்தின் மனுசி. ஒன்றும் ஆகாது.