கடல்முனைக்கு எதை எடுத்துப் போவது: ஸ்கோப்பா, டெலி லென்ஸா?

பறவை பார்க்கப் போகும்போது ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி), கேமராவுக்கான டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் லென்ஸ்) இரண்டையும் சுமந்து பாறையேறினால் தோள் கழன்றுவிடும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால்?

தூரத்தில் அலையை ஒட்டிப் பறப்பது எந்தப் பறவை என்று பார்க்க ஸ்கோப்தான். பலவற்றில் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கலாம். ஆனால் முனையில் காற்றுக்குக் குறைவா என்ன? 30-ஐத் தாண்டினாலே காட்சி நடுங்கும். முக்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் அடங்கும்.

600 மி.மீ. லென்ஸ் சுமார் 12 மடங்குதான். ஆனால் பக்கத்துப் பாறையில் கல்திருப்பி உள்ளான் கூழாங்கல்லை அலகால் நெம்பிப் புரட்டி, அடியிலிருப்பதைக் கொத்தும் நொடி அதில்தான் சிக்கும். பறக்கும் ஆலாப் பறவைக்கு ஷட்டரை 1/2000 நொடியில் வையுங்கள்.

உச்சிவெயிலில் கானல் எழுந்தால் இரண்டுமே திணறும். என் ஓட்டு ஸ்கோப்புக்கு. படம் வேண்டுமா, கண்வில்லையில் போனை வைத்துச் சுமாராக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.