ரீல்ஸா, மேப்பா, வாட்ஸ்அப்பா: சிறு தொழிலுக்கு எது கைகொடுக்கும்?

சின்னதாகத் தொழில் நடத்தும் யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் முதல் கேள்வி, "இன்ஸ்டாவில் பேஜ் இருக்கா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால், கடைக்குப் பெயர்ப்பலகையே வைக்காதவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "ஒண்ணு திறந்து வைங்க, காசா பணமா?" என்பது அடுத்து வரும் அறிவுரை. காசு இல்லைதான். நேரம்?

தெரிந்த தச்சர் ஒருவருக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுக்க ஒரு சாயங்காலம் அவருடைய பட்டறையில் இருந்தேன். இழைப்புளி ஓட ஓடச் சுருள் சுருளாக விழும் மரச்சீவல் பார்க்கவே அழகு. வெளிச்சம் போதவில்லை என்று மேசையை வாசல் பக்கம் நகர்த்தினோம். முதல் தடவை போன் சரிந்தது. அடுத்த தடவை பின்னால் மிஷின் இரைச்சல். மூன்றாவதில்தான் காட்சி கிடைத்தது. வெட்டி, பாட்டுச் சேர்த்து, இரண்டு வரி எழுதி ஏற்றி முடிப்பதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. கையில் மிஞ்சியது 25 விநாடி வீடியோ. படம் பிடித்த போன்தான் அவருடைய தொழில் போனும். சைலண்ட்டில் போட்டிருந்ததால் இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. திரும்பக் கூப்பிட்டபோது ஒருவர், "வேற ஆளை வரச் சொல்லிட்டேங்க" என்று வைத்துவிட்டார்.

சமூக வலைதளத்தால் பலன் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். அதே இரண்டரை மணி நேரத்தை வேறொன்றில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும்.

பேஜ், ரீல்ஸ்

ஃபேஸ்புக் 2007 நவம்பரில் தொழில்களுக்கான பேஜ்களைக் கொண்டுவந்தது. லைக் சேர்த்தால் போதும், நாம் போடுவது அவர்கள் கண்ணில் படும் என்று நம்பி ஆட்களைச் சேர்த்தார்கள். ஒகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டு பேஜ்களை அலசியபோது, ஒரு பதிவு போய்ச் சேர்வது 2013 அக்டோபரில் பின்தொடர்பவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு. 2014 பிப்ரவரியில் அதுவும் பாதியாகி 6 சதவீதம். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பெர்க்கே அறிவித்துவிட்டார்: இனி நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை, தொழில் பேஜ்களுடையது குறையும். உழைத்துச் சேர்த்த கூட்டத்தோடு பேசவே விளம்பரக் காசு கட்ட வேண்டிய நிலை.

இப்போது காற்று கொஞ்சம் வேறு பக்கம் அடிக்கிறது. டிக்டாக் பழக்கிவிட்ட வழியில், யாரைப் பின்தொடர்கிறோம் என்பதைவிட எதை நின்று பார்க்கிறோம் என்பதை வைத்தே வீடியோக்கள் வருகின்றன. பத்துப் பேர் பின்தொடரும் கணக்கின் வீடியோவும் லட்சம் பேரிடம் போகலாம். புதியவருக்கு இது நிஜமான வாய்ப்பு, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த லட்சம் பேர் எந்த ஊர்க்காரர்கள்? பார்சலில் பொருள் அனுப்புகிறவருக்குக் கவலையில்லை. சுற்றுவட்டாரம் தாண்டாத பூட்டுப் பழுதுபார்ப்பவருக்கு எங்கோ இருப்பவர் போடும் ஹார்ட்டால் ஒரு வேலையும் வராது.

இதில் வியாபாரிகளே செய்துகொள்ளும் வினை ஒன்று உண்டு. வீடியோவுக்குக் கீழே ஒருவர் "விலை எவ்வளவு?" என்று கேட்பார். பதில்: "டிஎம் பண்ணுங்க", அதாவது தனிச்செய்தியில் கேளுங்கள். மறுநாள் வேறொருவர், அதே கேள்வி, அதே பதில். ரீல்ஸுக்கு இரண்டரை மணி நேரம் செலவழித்தவருக்கு விலையை எழுத இரண்டு விநாடி இல்லை! வாங்கும் எண்ணத்தோடு வந்தவரை வாசலில் நிறுத்தி, பின்பக்கமாக வா என்று சொல்வது இது.

கூகுள் மேப்

2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று வந்து, 2021 முதல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று அழைக்கப்படும், மேப்பில் நம் கடையைக் காட்டும் இலவசப் பதிவு. கவர்ச்சி குறைவு, ஆட வேண்டாம், பாட வேண்டாம். ஆனால் இங்கே வருகிறவரின் மனநிலையே வேறு. ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதைப் போக்குகிறார். மேப்பில் "பிளம்பர்" என்று தட்டுபவரின் வீட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் அளவுகோல் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. தூரத்தில் பெரிய நிறுவனத்தையும் சிறியவர் முந்தலாம். ரீல்ஸில் சிறியவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடை இருக்கும் இடத்தைக் காட்டும் மேப் குறி சரியான வாசலில் குத்தியிருக்கிறதா, திறக்கும் நேரம் சரியா, வேலை பார்த்த படங்கள் பத்து. ஒரு மணி நேர வேலை. பிறகு வரும் ரிவ்யூக்களுக்குப் பதில் போட்டால் போதும். ஒற்றை ஸ்டாருக்கும்தான். அதற்குச் சண்டை போடாமல் நிதானமாக எழுதிய பதில் அடுத்து வருகிறவரிடம் நமக்காகப் பேசும்.

வாட்ஸ்அப் பிசினஸ்

2018 ஜனவரியில் வந்த தனிச் செயலி. புது ஆளைப் பிடித்துத் தராது. ஒருமுறை வந்தவரை மறக்க விடாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இது வடிகட்டியாகத் தெரிகிறது: நம் எண்ணைச் சேமித்து வைக்கிறவர் திரும்பி வர நினைக்கிறவர். தினமும் "காலை வணக்கம்" அனுப்பி அவர்களையும் பிளாக் பண்ண வைக்காமல் இருந்தால் சரி.

சொந்த இணையதளம்

சுருக்கமாக: வருடாவருடம் டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, பணம் கட்ட முடிந்தவர்களுக்கு நல்லது. இலவசத் தளங்களை நம்ப வேண்டாம். பிசினஸ் புரொஃபைலோடு கூகுளே இலவசமாகக் கொடுத்த சின்னத் தளங்களை 2024 மார்ச்சில் அணைத்துவிட்டது.

இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றிலும் இருக்கிறேன், ஒன்று போனால் ஒன்று என்பவர்களுக்கு ஒரு தேதி: 2021 அக்டோபர் 4. மூன்றும் ஒரே முதலாளியுடையவை. அன்று மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டிலாவது எழுதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

யாருக்கு எது?

கண்ணால் பார்த்து ஆசைப்படும் வேலையென்றால் ரீல்ஸில் நேரம் போடலாம்: தையல், மேக்கப், மண்பாண்டம், போட்டோகிராபி. முகம் தெரியாதவரிடம் அட்வான்ஸ் வாங்கி ஆன்லைனில் விற்பவருக்கு பேஜ் கட்டாயம் வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன் எல்லோரும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவசரத்துக்குக் கூப்பிடும் வேலைக்கு மேப் முதலில், மற்றதெல்லாம் பிறகு. தச்சர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். புது மேசை ஆசைக்கு, உடைந்த நாற்காலி அவசரத்துக்கு. மேப் பதிவைச் சரிசெய்துவிட்டு, மாதம் ஒரு வீடியோ போதும் என்றேன். அதையும் வேறொரு போனில் எடுக்கச் சொன்னேன்.

எதையும் போட நேரமில்லை, ஆனால் பேஜ் திறந்தாயிற்று என்பவர்கள் அதை அப்படியே விட வேண்டாம். கடைசிப் பதிவு இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், பார்ப்பவர் கடையை மூடிவிட்டதாகவே நினைப்பார். முகவரி, நேரம், போன் நம்பர், "ஆர்டருக்கு போனில் அழைக்கவும்" என்ற வரி: இவ்வளவும் உள்ள ஒரே படத்தைப் போட்டு மேலே பின் பண்ணி விடுங்கள். பத்து நிமிடம்.