ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சப்ளையா, வீடு முழுக்க ஒரே 12 வோல்ட்டா?

ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்புகளை வைத்து, விளக்கு, ஃபேன் போன்றவற்றை இயக்க நாமே சால்டர் பிடித்துச் செய்யும் சாதனங்களுக்கு மின்சாரம் கொடுக்க வழக்கத்தில் இரண்டு வழி உண்டு. ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ளேயே ஹை-லிங்க் கம்பெனியுடையது மாதிரி குட்டி ஏசி-டிசி மாட்யூலை வைத்து, மெயின்ஸிலிருந்து (வீட்டின் 230 வோல்ட் லைன்) அங்கேயே 5 வோல்ட் எடுப்பது ஒன்று. ஓரிடத்தில் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) வைத்து, எல்லா இடத்துக்கும் வயர் இழுத்து, போர்டுக்குப் போர்டு பக் கன்வர்ட்டர் (டிசி வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) போட்டு இறக்கிக்கொள்வது இன்னொன்று. நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டவன். நடுநிலையை எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம்.

கெபாசிட்டர் டிராப்பர் என்று மூன்றாவதும் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாத மலிவு சர்க்யூட். மெயின்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே தடுப்பே கிடையாது, தொட்டால் ஷாக். கொடுப்பதும் சில பத்து மில்லி ஆம்பியர்தான், வைஃபை சிப்புக்குக் காணாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

எந்த வழியானாலும் சிப் கேட்பது ஒன்றுதான். ஈஎஸ்பி32-க்கு 3.0 முதல் 3.6 வோல்ட்டுக்குள் நிலையான சப்ளை வேண்டும், அது குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தாங்க வேண்டும் என்கிறது தயாரிப்பாளர் எஸ்பிரசிஃப். வைஃபை சிக்னல் அனுப்பும் நொடித்துளியில் கரண்ட் எகிறும், வோல்டேஜ் சட்டென்று பள்ளம் விழும். மல்ட்டிமீட்டரில் பார்த்தால் சமர்த்தாக 3.3 காட்டும். அந்தப் பள்ளத்தைப் பிடிக்கும் வேகம் அதற்கில்லை, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். சிப்பை ஒட்டியே 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றும் போட்டால் காரணம் தெரியாத ரீசெட்டுகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

தனி மாட்யூலின் வசதி தெரிந்ததே: புது வயரிங் வேண்டாம், ஒன்று போனால் ஒரு அறையோடு போகும். பரவலாகப் புழங்கும் ஹை-லிங்க் மாட்யூலான எச்எல்கே-பிஎம்01 தருவது 5 வோல்ட், 600 மில்லி ஆம்பியர். ஒரு ஈஎஸ்பி, ஒரு ரிலே (சிப் சொல்படி விளக்கை ஆன்-ஆஃப் செய்யும் மின்காந்த ஸ்விட்ச்) என்றால் தாராளம். 5 வோல்ட் ரிலே காயில் ஒன்று சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாலு ரிலேயும் ஒன்றாக ஆன் ஆனால் 280 போய்விடும், மிச்சத்தில்தான் வைஃபை ஓட வேண்டும்.

நான் மாறியதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. சூடுதான்.

எஸ்எம்பிஎஸ் எதுவானாலும் (அந்தக் குட்டி மாட்யூலும் ஒன்றுதான்) முதலில் கிழடாவது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் காற்றுப் புகாத பாக்ஸில், டிம்மருக்கும் ரிலேவுக்கும் பக்கத்தில் அது 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் வரும். 24 மணி நேரமும் ஓடுவதால் நாலு வருஷம்கூட இல்லை. அதே கெபாசிட்டர் காற்றோட்டமான இடத்தில் 45 டிகிரியில் இருந்தால் கணக்குப்படி 14 வருஷத்தைத் தாண்டும். வீட்டில் பத்து பாக்ஸ் இருந்தால் பத்து மாட்யூலும் சூட்டிலேயே கிடக்கும், ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நாளில் படுக்கும். அதுவும் ஒரேயடியாகச் சாகாது. முதலில் வடிகட்டும் திறன் குறைந்து, எப்போதாவது ஒரு ரீசெட், பிறகு அடிக்கடி. நாம் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்போம். கடைசியில் மெயினை ஆஃப் செய்து, பாக்ஸைக் கழற்றி, 230 வோல்ட் பக்கத்தில் கை வைத்துத்தான் மாற்ற வேண்டும். மைய எஸ்எம்பிஎஸ் என்றால் கை எட்டும் இடத்தில் ஒரே பெட்டி. போர்டில் இருக்கும் பக் கன்வர்ட்டரிலும் கெபாசிட்டர் உண்டு, ஆனால் அது வெளியிடும் சூடு கொஞ்சம். மாற்றும்போது கைபடுவதும் 12 வோல்ட்தான்.

சரி, ஏன் 5 வோல்ட்டையே இழுத்துக்கொண்டு போகக் கூடாது? 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 மீட்டர் போய் வந்தால் தடை சுமார் 1 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போச்சு. மிஞ்சும் 4.5 வோல்ட்டில், போர்டில் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் திணறும். உள்ளே வருவது வெளியே தருவதைவிடச் சுமார் 1.1 முதல் 1.3 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். அதே வேலைக்கு 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும், இழப்பும் கால் வோல்ட்தான். பக் கன்வர்ட்டர் அதைச் சட்டை செய்யாது. ரிலேயையும் 12 வோல்ட் காயிலாக வாங்கி நேரடியாக இந்த லைனிலேயே கொடுத்துவிடலாம், சிப்பின் சப்ளையில் அதன் உதறல் தெரியாது. ரிலே ஆஃப் ஆகும்போது காயில் கிளப்பும் வோல்டேஜை அடக்க, அதன் குறுக்கே 1என்4007 டையோடு மட்டும் மறக்க வேண்டாம். பேட்டரி பேக்கப்பும் ஓரிடத்தில் கொடுத்தால் வீடு முழுக்கக் கிடைக்கும்.

குறை இல்லாமலா? அந்த ஒரு எஸ்எம்பிஎஸ் போனால் மொத்த வீடும் போகும். சுவர் ஸ்விட்சை அழுத்தினால் விளக்கு எரியும்படி வயரிங் வைத்திருப்பதும், உதிரியாக இன்னொரு எஸ்எம்பிஎஸ் வாங்கி வைத்திருப்பதும் அதனால்தான். எல்எம்2596 பக் கன்வர்ட்டர் போர்டுகளில் வோல்டேஜைத் திருகி வைக்கும் ட்ரிம்பாட்டை நான் நம்புவதில்லை. உள்ளே தொடர்பு விட்டால் வெளியீடு 12 வரை ஏறலாம், சிப் கருகிவிடும். 5 வோல்ட் என்று நிலையாகத் தரும் வகையையே வாங்குகிறேன்.

எல்இடி ஸ்ட்ரிப் மாதிரி நிறைய இழுக்கும் சுமைகளையும், இரண்டு மூன்று மாடி வீட்டையும் இந்த முறையில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அங்கே 24 வோல்ட் சரியாக வரும் என்பது என் காகிதக் கணக்கு மட்டுமே. சுவரைத் தொட முடியாத வீட்டில், இரண்டு மூன்று சாதனத்துக்காக வயர் இழுக்கச் சொல்லவும் மாட்டேன். அங்கே தனி மாட்யூல் போதும். அதன் முன்னால் ஒரு ஃபியூஸ், திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை உறிஞ்ச ஒரு வேரிஸ்டர், பாக்ஸில் நாலு காற்றுத் துளை.

12 வோல்ட் வயரை மெயின்ஸ் வயர் போகும் அதே பைப்பில் நுழைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எங்கோ ஒரு போர்டு ஷார்ட் ஆனால் அந்தக் கிளை மட்டும் அணையும்.