நிமிர்ந்த குளம்பா, வெளித்திரும்பிய காலா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகன் ஓட்டிப் பழக ஒரு இளங்குதிரை தேடுகிறான். கையில் இருக்கிற காசுக்கு இரண்டுதான் தேறின. இரண்டுக்கும் காலில் குறை. ஒன்று பத்து மாதப் பெண் குட்டி. வலது முன்குளம்பு கிண்ணம் கவிழ்த்தமாதிரிச் செங்குத்தாக நிற்கிறது. மற்றது இரண்டு வயது ஆண். முன்குளம்புகள் இரண்டும் வெளியே திரும்பியிருக்கின்றன. "ஆண் குதிரைதான் பார்க்க வடிவு, மாமா" என்றான். நான் பெண் குட்டியை எடு என்கிறேன்.

கால் வெளியே திரும்பியிருந்தால், எந்த இடத்திலிருந்து திரும்புகிறது என்பதே கேள்வி. முன்னால் நின்று குளம்பை விட்டுவிட்டு முழங்காலைப் பாருங்கள். முழங்காலும் சேர்ந்து வெளியே பார்த்தால் முழுக்காலும் மேலிருந்தே திரும்பியிருக்கிறது. மார்பு ஒடுங்கிய குட்டிகளில் இது சகஜம். மார்பு விரிய விரியக் கால் பெரும்பாலும் நேராகும். முழங்கால் நேரே இருக்க, குளம்பு மட்டும் விலகினால் கோளாறு கணுக்காலில். அங்கே எலும்பின் வளர்ச்சி முதல் மூன்று நான்கு மாதத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த ஆண் குதிரைக்கு அதுதான். இரண்டு வயதில் குளம்பைச் சீவி நேராக்குகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். குளம்பு நேராகத் தெரியும், சுமையோ மூட்டில் கோணலாக இறங்கும்.

நடக்கவிட்டுப் பார்த்தோம். பாதம் உள்பக்கமாக வளைந்து வீசியது. இடது காலின் உட்புறத்தைத் தடவினேன். கணுக்காலுக்குச் சற்று மேலே முடி உதிர்ந்து, விரல் நகமளவு தழும்பு. எதிர்க்குளம்பு அடித்த இடம். ஆள் ஏறுமுன்னரே இப்படியென்றால், ஏறிக் களைத்த பிறகு? காலுறை கட்டிச் சமாளிக்கலாம், ஆனால் அது ஆயுள் முழுக்க.

பெண் குட்டிக்கு, எலும்பு வளர்ந்த வேகத்துக்குக் காலின் பின்புறத் தசைநாண் ஈடுகொடுக்கவில்லை. அது குதியை மேலே இழுக்கிறது. ஆனாலும் குதி நிலத்தில் படுகிறது, குளம்பின் முன்சுவர் குழிந்து வளையவில்லை. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். நான்கைந்து வாரத்துக்கொரு தடவை குதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் நாண் இன்னும் இறுகும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். முன்பக்கம் முழுதாகப் புதுப்பிக்க ஒரு வருடம் வரை ஆகும். சீவிச் சரிவராவிட்டால், நாணைப் பிடித்திருக்கும் இணைநாரை வெட்டும் சத்திரசிகிச்சை இருக்கிறது. அது சின்ன வயதில்தான் நன்றாகப் பலிக்கும், அதனால் தள்ளிப்போட நேரமில்லை.

குறையும் சொல்லவேண்டும். இரண்டு முன்குளம்பும் ஒருபோதும் ஒரே அச்சாக வராது, அந்தக் காலால் எடுத்துவைக்கும் அடி கொஞ்சம் குட்டையாகவே இருக்கும். கொழும்பு மழை இன்னொரு தொல்லை. உயர்ந்த குதிக்கு நடுவே உள்ள ஆழமான பிளவில் சேறு தங்கினால் அழுகி நாறும். மே மாதம் தொடங்கினால் தினமும் கிளறிச் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தவறாமல் வரும் லாடக்காரர் வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் இவளும் வேண்டாம்.

விற்பவர் மூன்றாவதாக ஒன்றும் காட்டினார், முழங்கால் பின்பக்கம் வளைந்தது. நுவரெலியாப் பந்தயத்துக்கே போகும் என்றார். பாய்ந்தோடும்போது முழங்காலின் சிற்றெலும்புகள் முன்விளிம்பில் நசுங்கிச் சில்லு உடைவது இந்த வளைவில்தான். அதைப் பார்த்ததோடு சரி.

இனி, விற்பவரோடு சம்பந்தமில்லாத மிருக வைத்தியரை அழைத்து முன்குளம்புகள் இரண்டையும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். உள்ளெலும்பின் நுனி தேயாமல் இருந்தால் அன்றைக்கே முற்பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.