ஏஇ86: லெவினா, ட்ரூனோவா?

1983 முதல் 1987 வரை டொயோட்டா விற்ற ஏஇ86 காரில் கொரோலா லெவின், ஸ்ப்ரின்டர் ட்ரூனோ என்று இரண்டு உண்டு. அடியில் இரண்டும் ஒரே வண்டிதான்: அதே 1,587 சிசி 4ஏ-ஜிஇ இன்ஜின், அதே பின்சக்கர இயக்கம். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள்.

வித்தியாசமெல்லாம் முகத்தில். ட்ரூனோவில் சுவிட்சைப் போட்டதும் மூடியிருந்த ஹெட்லைட் இரண்டும் மேலே எழும். அந்த அழகுக்கு ஈடே இல்லை, ஆனால் அதைத் தூக்கும் மோட்டார் நாற்பது வருஷப் பழசு என்பதால் ஒன்று எழுந்து இன்னொன்று படுத்தே கிடக்கும் ஆபத்தும் கூடவே வரும். லெவினுக்கு அந்தத் தொல்லை கிடையாது, நிலையான விளக்குதான். அப்புறம், ஆரம்பகால லெவின் சிலவற்றில் இன்ஜின் சூட்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் கிரில் (முன்பக்கக் காற்று வழிச் சட்டம்) இருந்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்!

'இனிஷியல் டி' என்ற ஜப்பானிய மலைப்பாதை ரேஸ் காமிக்ஸால் கறுப்பு வெள்ளை ட்ரூனோ ஹேட்ச்பேக் உலகப் புகழ் பெற்றுவிட்டது, விலையும் அதோடு ஏறியது. நிறுத்திவைத்து ரசிக்க என்றால் சரி, ட்ரூனோ. ஓட்டத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு இரண்டு கதவு லெவினுக்கு. எதுவானாலும் பின்சக்கர வளைவுகளில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.